மரவள்ளி வயலில் இரகத்தையும் தேமல் நோயையும் கேட்டறிவது எப்படி?

சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் மரவள்ளி வயல்களுக்கு முதன்முறையாகச் செல்லும் வேளாண் மாணவர்களுக்கும், புதிதாகப் பணியில் சேர்ந்த தோட்டக்கலை அலுவலர்களுக்கும், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்களுக்கும் இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. உழவர்கள் எந்த இரகத்தை விரும்புகிறார்கள், பயிர் நோயை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் வழக்கமாகத் தனித்தனி வினாத்தாள் தயாரிக்கிறார்கள். மரவள்ளியில் அப்படிப் பிரிப்பது பொருந்தாது. இந்தப் பயிருக்கு நடவுப் பொருள் விதையன்று, குச்சி. சென்ற ஆண்டுச் செடியின் தண்டை வெட்டித்தான் இந்த ஆண்டு நடுகிறார்கள். தாய்ச்செடியில் தேமல் நோயை (இலையில் மஞ்சள் திட்டுகள் தோன்றும் நோய்) உண்டாக்கும் வைரஸ் இருந்திருந்தால் குச்சியோடு அதுவும் புதிய வயலுக்கு வந்து சேர்கிறது. எனவே, ஓர் உழவர் இரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த ஆண்டு தம் வயலில் எவ்வளவு நோய் இருக்கும் என்பதையும் பெரும்பாலும் தேர்ந்தெடுத்துவிடுகிறார். குச்சியைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவருக்கு மற்றவை தாமாக விளங்கும்.

புறப்படுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஊருக்கு ஊர் பெயர் மாறும் பயிர் இது. மேற்கு மாவட்டங்களில் குச்சிக்கிழங்கு என்பார்கள்; நெல்லை, குமரிப் பக்கம் மரச்சீனிக் கிழங்கு, கப்பை என்பார்கள். திருவிதாங்கூரில் உணவுப் பயிராக வேரூன்றிய இக்கிழங்கு, சேலம் வட்டாரத்தில் 1940களில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழிலால் ஆலைப் பயிராக மாறியது. ஆலையினரின் கூட்டுறவு விற்பனை அமைப்பான சேகோசர்வ் 1981இல் சேலத்தில் தொடங்கப்பட்டது. இந்தப் பின்னணி ஏன் முக்கியம் என்றால், கேரளத்தில் ஒருவர் இரகத்தைச் சுவை பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார், ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ இருப்பவர் ‘பாயிண்ட்’ பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். இவ்விருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதால் பயனில்லை.

பாயிண்ட் என்பது கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவு. மாதிரிக் கிழங்கை நீருக்குள் அமிழ்த்தி எடையிட்டு, அடர்த்தியிலிருந்து அதைக் கணிக்கும் முறை உண்டு. விலை பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று பேசப்படும். எடுத்துக்காட்டாக, பாயிண்டுக்கு 300 ரூபாய் விலை போகும் நாளில் 28 பாயிண்ட் கிழங்கு டன்னுக்கு 8,400 ரூபாய் பெறும். 24 பாயிண்ட் கிழங்கு 7,200 ரூபாய்தான் பெறும். பத்து டன் லோடு ஒன்றில் இவ்வேறுபாடு 12,000 ரூபாய். நோய் எதிர்ப்புத் திறன் உள்ளது என்று நாம் பெருமையோடு கொண்டுபோகும் இரகத்தை உழவர் முதல் கேள்வியிலேயே எடைபோட்டுவிடுவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

நோயைப் பற்றியும் கொஞ்சம் படித்துவிட்டுச் செல்லுங்கள். தேமல் நோயை இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்னும் இரண்டு வைரஸ்கள் உண்டாக்குகின்றன. தமிழ்நாட்டில் இரண்டாவது பரவலாகக் காணப்படுகிறது. பாதிக்கப்பட்ட குச்சியால் ஒரு வழி, வெள்ளை ஈயால் மற்றொரு வழி என இரண்டு வழிகளில் இது பரவும். நோய் வந்த செடியைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. திருவனந்தபுரத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும் இப்பயிருக்கான முக்கிய ஆய்விடங்கள். வாய்ப்பிருந்தால் ஏத்தாப்பூரில் அரை நாள் செலவிட்டு, நோயுற்ற செடியையும் நோயற்ற செடியையும் அருகருகே நின்று பார்த்துவிட்டு ஊருக்குள் செல்லுங்கள்.

முதல் படி: காலமும் துணையும்

நட்டு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு முறை, அறுவடையின்போது ஒரு முறை என்று குறைந்தது இரண்டு முறை செல்ல வேண்டும். இளம்பயிரில்தான் நோய் குச்சியில் வந்ததா, ஈயால் வந்ததா என்று பிரித்தறிய முடியும். அறுவடையில்தான் இரகத்தைப் பற்றிய உண்மையான பேச்சு கிடைக்கும். கோடையின் நடுவில் மட்டும் போய்விட்டு வராதீர்கள். சில இரகங்களில் கடும் வெயிலில் தேமல் அறிகுறி மங்கிவிடும். வைரஸ் செடிக்குள் இருந்துகொண்டே இருக்கும், பார்ப்பவருக்கு மட்டும் வயல் நலமாகத் தோன்றும்.

யாரோடு போகிறோம் என்பது நாம் பெறும் விடைகளை மாற்றிவிடும். பூச்சிமருந்துக் கடைக்காரரோடு போனால் பேச்சு தெளிப்பைப் பற்றியே சுழலும். தரகரோடு போனால் பாயிண்ட் குறைவாகக் கிடைத்த கதையை யாரும் வாய்திறக்க மாட்டார்கள். ஊரில் உள்ள ஓர் உழவரின் அறிமுகத்தோடு செல்வதே நல்லது. நிவாரணம் கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் பரவிவிட்டால் நோயின் அளவு எல்லா வயல்களிலும் ஒரேயடியாகக் கூடிவிடும். ஆகவே எதற்காக வந்திருக்கிறோம், எதைத் தர முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் படி: பெயரை எழுதாமல் செடியைப் பார்த்தல்

எச்-226 என்ற இரகம் 1971இல் வெளியிடப்பட்டது. நட்டுப் பத்து மாதத்தில் அறுவடைக்கு வரும் இந்த இரகம் ஆலைக்கு ஏற்றது. ஆனால் தேமலுக்கு எளிதில் ஆட்படும். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அது வயல்களில் இருக்கிறது. அதோடு முள்ளுவாடி, குங்கும ரோஸ், வெள்ளை ரோஸ், தாய்லாந்து என்ற பெயர்களைக் கேட்பீர்கள். இவற்றுள் பல எந்த ஆய்வு நிலையமும் முறைப்படி வெளியிட்டவை அல்ல. உழவர்களும் குச்சி வணிகர்களும் தேர்ந்து பரப்பியவை. ஓர் ஊரில் தாய்லாந்து என்பது அடுத்த ஊரில் வேறு செடியாக இருக்கலாம், ஒரே செடி இரண்டு பெயரில் உலவவும் கூடும்.

எனவே, வினாத்தாளில் இரகப் பெயரை நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். “அந்தச் செடியைக் கொஞ்சம் காட்டுங்க ஐயா, வேற ரகத்துல இருந்து இத எப்படிப் பிரிச்சுப் பாக்குறீங்க?” என்று கேளுங்கள். இலைக்காம்பின் நிறம், நுனிக்கொழுந்தின் நிறம், முதிர்ந்த தண்டின் நிறம், கிளைவிடும் உயரம், கிழங்கின் மேல்தோலை நகத்தால் சுரண்டினால் தெரியும் உள்தோலின் நிறம் ஆகியவற்றை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஊர்களைச் சுற்றியபின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எத்தனை பெயர்கள், எத்தனை செடிகள் என்பது தெளிவாகும்.

மூன்றாம் படி: விருப்பத்தைக் கேட்பது

“எந்த இரகம் பிடிக்கும்?” என்ற கேள்விக்குக் கேட்பவருக்கு எது பிடிக்குமோ அதுவே பெரும்பாலும் விடையாக வரும். ஒப்பிட்டுக் கேட்பதே பயன்தரும். அவர் இப்போது நட்டிருப்பது எது, அதற்கு முன் நட்டது எது, எதனால் விட்டார், விட்டதை மீண்டும் நட எது நடந்தால் ஒப்புவார் என்று கேளுங்கள். ஓர் இரகத்தைக் கைவிட்ட காரணம், அதைப் பிடித்த காரணத்தைவிட அதிகம் சொல்லும்.

வரப்பில் அமர்ந்து பேசும்போது புளியங்கொட்டை மிகவும் உதவும். இரண்டு இரகங்களின் கிழங்கையோ குச்சியையோ எதிரில் வைத்து, பத்துப் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, விளைச்சலுக்காக இவற்றுக்கிடையே பிரித்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு பாயிண்டுக்காக, வறட்சி தாங்குவதற்காக, நோய்க்காக என்று தொடருங்கள். எந்தப் பண்புகளை ஒப்பிடுவது என்பதையும் அவரே சொல்லட்டும். அப்போதுதான் நம் பட்டியலில் இல்லாதவை வெளிவரும். உயரத்தில் கிளைவிடும் இரகமானால் நடுவில் சின்ன வெங்காயமோ நிலக்கடலையோ ஊடுபயிராகப் போடலாம், தாழக் கிளைவிட்டால் களையெடுக்க உள்ளே நுழைய முடியாது. காற்றுக்குச் சாய்கிறதா, கிழங்கு தண்டிலிருந்து எளிதில் முறிகிறதா, விலை இறங்கியிருக்கும்போது ஓரிரு மாதம் பறிக்காமல் விட்டுவைத்தால் மாவு குறைகிறதா என்பன போன்றவற்றையும் அவர்கள் எடைபோடுகிறார்கள். கடைசியாகச் சொன்ன பண்பு எந்த இரகப் பட்டியலிலும் முதலிடத்தில் இராது. ஆனால் ஆலை விலை மாதத்துக்கு மாதம் ஆடும் ஊரில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

வீட்டுப் பெண்களிடம் தனியே பேசுங்கள். வேகும் நேரம், கசப்பு, நார் ஆகியவற்றைப் பற்றி அவர்களே நன்கு அறிவார்கள். ஆலைக்குப் போகும் இரகத்தை நட்டவர்கள்கூட வீட்டுத் தேவைக்காக வரப்போரம் நான்கைந்து செடி வேறு இரகம் வைத்திருப்பதை அவர்கள்தான் காட்டுவார்கள். எந்த இரகத்தின் இலையைத் தின்று ஆடு செத்தது என்பதையும் மறக்காமல் சொல்வார்கள். மரவள்ளி இலையில் நச்சு உண்டு என்பது ஆடு மேய்ப்பவர்கள் நன்கறிந்த செய்தி.

குத்தகை நிலமானால் மற்றொரு கேள்வியும் தேவை. குச்சி யாருடையது? நில உரிமையாளரோ, முன்பணம் கொடுத்த தரகரோ குச்சியைக் கொண்டுவந்து இறக்கியிருந்தால், அந்த இரகம் உழவரின் விருப்பம் என்று எழுதுவது தவறு.

நான்காம் படி: நோயைப் பற்றிப் பேசுவது

‘தேமல்’ என்ற சொல்லை நீங்கள் முதலில் உச்சரிக்காதீர்கள். சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் படித்தவர் சொன்ன பெயரையே பிடித்துக்கொள்வார். வயலுக்குள் நடந்து, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும் இலை ஒன்றைத் தொட்டு, “இது என்னங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். சுருட்டை என்பார் சிலர், மஞ்சள் அடித்துவிட்டது என்பார் சிலர், சத்துக் குறைவு என்பார் வேறு சிலர். வெயில், தண்ணீர்ப் பற்றாக்குறை, உப்புத் தண்ணீர், பக்கத்து வயலில் தெளித்த களைக்கொல்லி என்று காரணங்கள் நீளும். “இது குச்சிலயே வர்றதுங்க” என்று ஒரே வரியில் முடிப்பவர்களும் உண்டு.

அடுத்து இலைகளைப் பிரிக்கும் பயிற்சி. ஐந்து வகை மாதிரிகளைத் திரட்டிக்கொள்ளுங்கள்: தேமல் இலை, இரும்புச்சத்துக் குறைந்த இலை, மக்னீசியம் குறைந்த இலை, சிலந்திப்பேன் தாக்கிய இலை, மாவுப்பூச்சி தாக்கி நுனி குவிந்த கொழுந்து. இவற்றைத் துண்டின்மேல் பரப்பி, ஒன்றுபோல் உள்ளவற்றைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பிரிக்கும் முன் நீங்களும் வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். இரும்புக் குறைபாட்டில் இளம் இலை முழுவதும் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், இலையின் வடிவம் கெடாது. மக்னீசியம் குறைந்தால் அடியிலைகளில் நரம்புகளுக்கு இடையே மஞ்சளாகும். சிலந்திப்பேன் தாக்குதல் வறண்ட காலத்தில் மணல் தூவியது போன்ற வெளிர் புள்ளிகளாகத் தெரியும். தேமலில் மட்டுமே மஞ்சள் திட்டுகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். ஓர் இலையின் ஒரு மடல் நன்றாக இருக்க, அடுத்த மடல் சிறுத்து முறுக்கிக்கொண்டிருக்கும்.

பலர் தேமல் இலையையும் இரும்புக் குறைபாட்டு இலையையும் ஒரே குவியலில் வைப்பார்கள். உடனே திருத்த வேண்டாம். சேலம் வட்டாரத்தின் சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்களில் இரும்புக் குறைபாடு உண்மையிலேயே உண்டு, நுண்ணூட்டம் தெளித்தால் புதிய இலை பச்சையாக வரவும் செய்யும். தேமல் உள்ள செடியிலும் வெயில் காலத்தில் அறிகுறி மங்குவதுண்டு. அந்த நேரத்தில் தெளித்தவருக்குத் தெளிப்பால் சரியானது போலவே தோன்றும். அவர் கண்டது பொய்யில்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவைத்தான் அடுத்த பருவத்தில் அதே குச்சியை நட்டுக் காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்பதற்கு மாவுப்பூச்சி நல்ல சான்று. மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. வெள்ளையாக அப்பியிருந்ததால் உழவர்களுக்கு அது புரிய நாளாகவில்லை. பெயரும் உடனே பரவியது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதை அழிக்கும் அனாகிரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியைப் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் வரவழைத்துப் பெருக்கியது; 2022இல் அது வயல்களில் விடப்பட்டது. வைரஸோ பல ஆண்டுகளாக இருந்தும் கண்ணுக்குத் தெரியாததால் பூச்சியாகவும் சத்துக்குறைவாகவும் பேசப்படுகிறது. தேமலுக்கென்று பூச்சிமருந்து தெளிக்கிறார்களா என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தெளிப்பு குச்சியில் வந்த நோயைத் தொடாது, குளவியைக் கொன்றுவிடும்.

ஐந்தாம் படி: வயலில் எண்ணுவது

பேச்சு முடிந்தபின் வயலின் இரு மூலைவிட்டங்களிலும் நடந்து 30 செடிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவது வழக்கம். நோய் இல்லையெனில் 1, இலேசான தேமல் 2, இலை கெடத் தொடங்கினால் 3, பெரும்பாலான இலைகள் முறுக்கிச் சிறுத்தால் 4, செடியே குட்டையாகிவிட்டால் 5. ஒவ்வொரு செடியிலும் மேலுள்ள ஐந்து இலைகளை மெல்லத் திருப்பி, அடிப்புறத்தில் உள்ள வெள்ளை ஈக்களை எண்ணுங்கள். காலை நேரமே இதற்கு ஏற்றது. வெயில் ஏறினால் இலையைத் தொட்டவுடன் பறந்துவிடும்.

இதைவிட முக்கியமான குறிப்பு ஒன்று உண்டு. அடியிலை முதல் நுனி வரை தேமல் இருந்தால் நோய் குச்சியில் வந்தது. அடியிலைகள் சுத்தமாக இருந்து மேலிலைகளில் மட்டும் தேமல் தெரிந்தால் அண்மையில் வெள்ளை ஈயால் வந்தது. முதல் வகையில் கிழங்கு இழப்பு அதிகம். பயிர் வளர்ந்தபின் ஈயால் வந்த நோயில் இழப்பு குறைவு. “நோய் இருந்தும் நல்லாத்தான் விளைஞ்சது” என்று ஓர் உழவர் சொன்னால் அவர் இரண்டாம் வகையைப் பார்த்திருக்கக்கூடும். அவரை அறியாதவர் என்று குறித்துக்கொண்டு திரும்புவது நம் கணக்கைத்தான் கெடுக்கும்.

ஆறாம் படி: குச்சி வந்த வழி

குச்சி சொந்த வயலினதா, உறவினரிடம் வாங்கியதா, வெளி மாவட்டத்திலிருந்து லாரியில் வந்ததா? அறுவடைக்குப்பின் எவ்வளவு நாள் மரநிழலில் நிறுத்தி வைத்திருந்தார்கள்? வெட்டும்போது எந்தச் செடியை ஒதுக்கினார்கள்? இக்கேள்விகளுக்கான விடைகளை ஒரு தாளில் அம்புக்குறியிட்டு வரைந்தால், ஊரின் நோய்ப் படமே கிடைத்துவிடும். தடித்த தண்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் தம்மை அறியாமலே நோய் குறைந்த செடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வண்டிக் கணக்கில் வாங்குபவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

புதிய இரகம் ஏன் மெதுவாகப் பரவுகிறது என்பதும் இங்கே புரியும். ஒரு மரவள்ளிச் செடி சுமார் பத்துக் கரணைகளே (நடுவதற்காக வெட்டும் குச்சித் துண்டுகள்) தரும். 90 செ.மீ. இடைவெளியில் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 5,000 கரணைகள் வேண்டும். ஸ்ரீ ரக்ஷா போன்ற தேமல் எதிர்ப்பு இரகத்தின் 50 கரணைகளை ஒருவருக்குக் கொடுத்தால், முதல் பருவ முடிவில் 500, இரண்டாம் பருவ முடிவில் 5,000. மூன்றாவது நடவில்தான் அவரால் ஓர் ஏக்கர் நட முடியும். இரண்டு கணுக்கள் மட்டுமுள்ள சிறு கரணைகளாக வெட்டி நாற்றங்காலில் வளர்க்கும் திருவனந்தபுரம் முறையில் பெருக்க விகிதம் 60 மடங்கு வரை உயரும். எத்தனை குச்சி, எப்போது கிடைக்கும் என்று சொல்லாமல் எதிர்ப்பு இரகத்தின் பெயரை மட்டும் பரிந்துரைப்பதை உழவர்கள் நகைப்போடு கேட்டுக்கொள்வார்கள், அதில் தவறில்லை.

விரும்பும் இரகம் ஒன்றே வட்டாரம் முழுவதும் நிறைந்திருந்தால் என்ன ஆகும் என்பதை உகாண்டா கண்டது. எப்வனடெராக்கா என்ற, மக்கள் பெரிதும் விரும்பிய இரகம் 1990களின் கடுமையான தேமல் பரவலில் வயல்களை விட்டே அகன்றது. ஊரில் எத்தனை இரகங்கள் எத்தனை பரப்பில் உள்ளன என்ற எண்ணிக்கையை இதற்காகவே குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: திரும்பச் செல்வது

கிடைத்தவற்றை ஊராரிடம் திருப்பிச் சொல்லுங்கள். பெயர்களைச் சொல்லாமல், வயல்களை அடையாளம் காட்டாமல் சொல்லுங்கள். அதன்பின் இரண்டு சிறிய சோதனைகளை உழவர்களே செய்து பார்க்க ஏற்பாடு செய்யலாம். ஒன்று, அவர்கள் விரும்பும் இரகத்தின் கரணைகளையே நாற்றங்காலில் 4 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக நட்டு, முளைத்தபின் தேமல் தெரியும் கன்றுகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, 20 முதல் 25 நாளில் சுத்தமானவற்றை மட்டும் வயலுக்கு எடுத்துச் செல்வது. இரகத்தை மாற்றச் சொல்லாத இந்த யோசனை பெரும்பாலும் உடனே ஏற்கப்படும். குச்சியில் நோய் வருகிறதா என்ற வாதத்துக்கும் நாற்றங்காலே விடை சொல்லிவிடும்.

மற்றொன்று, எதிர்ப்பு இரகத்தின் ஒரு வரிசையை அவர்களது இரகத்தின் ஒரு வரிசைக்கு அருகில், அதே நாளில், அதே உரத்தோடு நடுவது. அறுவடை நாளில் புளியங்கொட்டைகளை மீண்டும் எடுத்து, முன்பு அவர்கள் சொன்ன அதே பண்புகளுக்கு மதிப்பெண் இடச் செய்யுங்கள். இரண்டு கிழங்குகளையும் தனித்தனிச் சாக்கில் கட்டி, ஒரே நாளில் ஒரே ஆலையில் பாயிண்ட் பார்க்க வேண்டும். நாள் தள்ளிப்போனால் கிழங்கு கெடும், முடிவும் கெடும். சாக்கின் மேல் இரகப் பெயரை எழுதாமல் எண் மட்டும் இடுங்கள், உழவர் ஒருவரும் உடன் வரட்டும். பாயிண்ட் சீட்டு அவர் கையிலேயே இருக்கட்டும். உங்களுக்கு அதன் படம் போதும்.